இரட்டை ராக் ஆல்பத்தை ஒற்றையாகச் சுருக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீளமான இரட்டை ஆல்பங்களில் சில பாட்டுகளைக் கழித்து, ஒரே தட்டில் அடங்கும்படி மறுபடி வரிசைப்படுத்திக் கேட்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அந்தப் பட்டியலை யாருக்கு அனுப்பினாலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் பீட்டில்ஸ் 1968 நவம்பரில் வெளியிட்ட, எல்லோரும் ‘ஒயிட் ஆல்பம்’ என்று அழைக்கும் தட்டையே எடுத்திருக்கிறேன். இந்த வேலையைத் தொடங்குகிற எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான்.

டபுள் ஆல்பம்னா என்ன? ரெண்டு சிடி இருந்தா டபுள் ஆல்பம்தானே?

அது வினைல் காலத்துக் கணக்கு. 12 அங்குல எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் 22 நிமிடம் வரை நல்ல ஒலியோடு பதியலாம். அதற்கு மேல் திணிக்க வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கி வெட்ட வேண்டும். அப்போது சத்தம் குறையும், பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும். அதனால் ஓர் ஆல்பம் என்றால் இரண்டு பக்கம், நாற்பது நிமிடம் சொச்சம் என்று ஆனது. அது போதாதபோது இன்னொரு தட்டு, அதாவது நான்கு பக்கம்.

சிடி வந்தபோது 74 நிமிடம், பிறகு 80 நிமிடம் ஒரே தட்டில் அடங்கியது. த கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ 65 நிமிடம்தான். வினைலில் இரட்டை, சிடியில் ஒற்றை. ஆகவே சிடியை எண்ணாதீர்கள், பக்கங்களை எண்ணுங்கள்.

பாடினவங்களே யோசிச்சு வெளியிட்டதுல கை வைக்க நாம யாரு?

அவர்கள் வெளியிட்ட தட்டு அப்படியேதான் இருக்கிறது, அதை யாரும் அழிக்கவில்லை. நாம் செய்வது கேட்பதில் ஒரு வகை, அவ்வளவுதான். இந்தச் சந்தேகம் ஸ்டுடியோவுக்குள்ளேயே எழுந்ததுதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஒயிட் ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே பாட்டுகளைக் கழித்து நல்ல ஒற்றை ஆல்பமாக்கலாம் என்று நினைத்தவர். ரிங்கோ ஸ்டார் பிற்பாடு, இரண்டு தனி ஆல்பமாக விட்டிருக்கலாம் என்றார். பால் மெக்கார்ட்னி மட்டும் அந்தப் பேச்சையே ஏற்றுக்கொள்ளவில்லை.

சுருக்கி ஜெயித்த கதையும் உண்டு. த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ‘லைஃப்ஹவுஸ்’ என்ற பெரிய திட்டத்தை இரட்டை ஆல்பமாக எழுதிக்கொண்டிருந்தார். அது கைகூடாமல் போனது. ஒலிப்பொறியாளர் கிளின் ஜான்ஸ் சொன்னதைக் கேட்டு, இருந்ததில் நல்லதை எடுத்து ஒரே தட்டாக 1971-ல் வெளியிட்டார்கள். ஒன்பது பாட்டு, 43 நிமிடம். அதுதான் ‘ஹூஸ் நெக்ஸ்ட்’. அந்தக் குழுவின் ஆல்பங்களில் நான் அதிகம் கேட்பது அதைத்தான்.

எத்தனை பாட்டு வெச்சுக்கலாம்? எத்தனை நிமிஷம்?

பாட்டின் எண்ணிக்கையை விடுங்கள், நிமிடத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு 22, மொத்தம் 44 அல்லது 45. கேசட் கடையில் பட்டியல் கொடுத்துப் பதிவுசெய்து வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியதுதான்: 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45.

இந்த எல்லையைத் தளர்த்தாதீர்கள். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றும், முடிவே எடுக்க மாட்டீர்கள். இரண்டு பக்கமாகப் பிரிப்பதும் முக்கியம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வேண்டும். அப்படியென்றால் தொடங்கி வைக்க இரண்டு பாட்டு, முடித்து வைக்க இரண்டு பாட்டு. முதலில் இந்த நான்கையும் தேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்குப் பிடிச்ச 12 பாட்டை எடுத்து அடுக்கிட்டா முடிஞ்சுதே?

அது பிளேலிஸ்ட். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆல்பமாக நிற்காது. இரட்டை ஆல்பங்களின் சிக்கல் மோசமான பாட்டு அல்ல, ஒரே வேலையைச் செய்யும் பாட்டுகள்தான். ஒயிட் ஆல்பத்தில் ‘பிளாக்பேர்ட்’, ‘ஜூலியா’, ‘மதர் நேச்சர்ஸ் சன்’, ‘ஐ வில்’ நான்கையும் பாருங்கள். நான்கும் மென்மையான அக்கூஸ்டிக் பாட்டுகள், நான்கும் அழகு. 30 பாட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கும்போது ஒவ்வொன்றும் இளைப்பாற இடம் தருகிறது. 14 பாட்டுக்குள் நான்கையும் வைத்தால் தட்டு தூங்கிவிடும்.

அதனால் நான் கேட்கும் கேள்வி, ‘இந்தப் பாட்டு நல்லதா?’ என்பதல்ல. ‘இந்தப் பாட்டு செய்கிற வேலையை வேறு எதுவாவது இன்னும் நன்றாகச் செய்கிறதா?’ என்பதுதான். அப்படி ஒன்று இருந்தால் இது போகலாம், எவ்வளவு பிடித்திருந்தாலும். மாறாக, சுமாரான பாட்டு ஒன்று வேறெதுவும் செய்யாத வேலையைச் செய்தால் அது இருக்கட்டும்.

சரி, ஒயிட் ஆல்பத்தையே செஞ்சு காட்டுங்க.

30 பாட்டு, 93 நிமிடம். பாதிக்கு மேல் போயாக வேண்டும்.

முதல் பக்கம்: ‘பேக் இன் த யு.எஸ்.எஸ்.ஆர்.’, ‘டியர் ப்ரூடன்ஸ்’, ‘கிளாஸ் ஆனியன்’, ‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’, ‘ஹேப்பினஸ் இஸ் எ வார்ம் கன்’, ‘ஐ ஆம் ஸோ டயர்ட்’, ‘பிளாக்பேர்ட்’. 21 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

இரண்டாம் பக்கம்: ‘எவ்ரிபடிஸ் காட் சம்திங் டு ஹைட் எக்ஸப்ட் மீ அண்ட் மை மங்கி’, ‘செக்ஸி சேடி’, ‘மார்த்தா மை டியர்’, ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’, ‘லாங், லாங், லாங்’, ‘க்ரை பேபி க்ரை’, ‘குட் நைட்’. 22 நிமிடம்.

முதல் மூன்று பாட்டும் மூலத்தில் இருக்கும் வரிசைதான். அதைக் கலைக்கக் காரணமே இல்லை. ரிங்கோ கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் குழுவை விட்டுப் போயிருந்தபோது பதிவான பாட்டுகள் முதல் இரண்டும்; டிரம்ஸ் வாசித்தது மெக்கார்ட்னி. முதல் பாட்டின் முடிவில் விமானச் சத்தம் மங்கி, அதிலிருந்தே ‘டியர் ப்ரூடன்ஸ்’ கிட்டார் மெல்ல எழுவதைக் கேட்டவர்களுக்கு இரண்டையும் பிரிக்க மனசு வராது. ‘வைல் மை கிட்டார்’ பாட்டில் முன்னணி கிட்டார் எரிக் கிளாப்டன். முதல் பக்கத்தின் நடுத்தூண் அது.

‘யெர் புளூஸ்’ போனதற்குக் காரணம் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’. முந்தைய பதிலில் சொன்ன ஒரே வேலைக் கணக்குதான்: கரடுமுரடான சத்தத்துக்கு ஒன்று போதும். ‘ஓப்லாடி ஓப்லடா’வை ஏன் விட்டேன் என்று சண்டைக்கு வருவார்கள். மெக்கார்ட்னியின் துள்ளலான பியானோ பாட்டுக்கு ஓர் இடம்தான் இருந்தது, அதை ‘மார்த்தா’வுக்குக் கொடுத்தேன். மனசுக்கு உண்மையிலேயே வலிக்கிற இழப்பு ‘ஜூலியா’. லெனன் தன் அம்மாவை நினைத்து எழுதி, பீட்டில்ஸ் தட்டில் தனியாளாகப் பாடி வாசித்த ஒரே பாட்டு. அதை இரண்டாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘லாங், லாங், லாங்’ முதல் ‘குட் நைட்’ வரை நான்கு மெதுவான பாட்டுகள் வரிசையாக நின்று, பக்கம் படுத்துவிட்டது.

ரெவல்யூஷன் 9 இல்லாம அது ஒயிட் ஆல்பமா?

நியாயமான கேள்வி. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒலித்துண்டுக் கோவை அது. பாட்டே இல்லை என்பதற்காக அதை நான் கழிக்கவில்லை. ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதற்காகத்தான். ஆனால் கழித்தால் ஒன்று நிச்சயம் போகிறது. அவ்வளவு கூச்சலும் கலவரமும் முடிந்த பிறகு வருவதால்தான் ரிங்கோ பாடும் ‘குட் நைட்’ தாலாட்டு அப்படி நெஞ்சைத் தொடுகிறது. கலவரம் இல்லையென்றால் அது வெறும் இனிமையான தாலாட்டு.

இதற்கு ஓரளவு பரிகாரம் ‘க்ரை பேபி க்ரை’யின் வாலில் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் மெக்கார்ட்னி பாடும் அரை நிமிடத் துணுக்கு ஒன்று வரும். வழி தவறிய ஆள் வீட்டைத் தேடுகிற மாதிரி இருக்கும். அதை வெட்டாமல் விட்டு, உடனே ‘குட் நைட்’டின் வயலின்கள் தொடங்கினால் அந்த நிம்மதியில் கொஞ்சமாவது கிடைக்கிறது. கூச்சலுக்குப் பின் அமைதி என்ற வேலையை ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’, ‘லாங், லாங், லாங்’ ஜோடி ஏற்கெனவே செய்துவிடுகிறது. அதனால் அந்த இரண்டையும் எந்தக் காரணத்துக்கும் பிரிக்காதீர்கள்.

ஹே ஜூட் அதே சமயத்துல பதிவானதுதானே, சேர்த்துக்கலாமா?

வேண்டாம். நான்கு பக்கங்களில் இருப்பதை மட்டும் வைத்துச் செய்வது என் விதி. ‘ஹே ஜூட்’ ஏழு நிமிடம், அது வந்தால் அதற்குப் பிறகு எதுவும் நிற்காது. ஜார்ஜ் ஹாரிசன் நூறு தடவைக்கு மேல் வாசித்துப் பார்த்தும் கழற்றிவிடப்பட்ட ‘நாட் கில்ட்டி’யைச் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்கும் இதே பதில். வெளியிலிருந்து கொண்டுவர ஆரம்பித்தால் சுருக்குகிற வேலை நின்று, கற்பனை ஆல்பம் செய்கிற வேலையாகிவிடும்.

யூஸ் யுவர் இல்யூஷன் ரெண்டும் தனித்தனி ஆல்பமாச்சே, அதைச் சுருக்கலாமா?

தாராளமாக. 1991 செப்டம்பரில் ஒரே நாளில் கன்ஸ் அண்ட் ரோசஸ் வெளியிட்ட இரண்டு ஆல்பங்கள், 30 பாட்டு, இரண்டரை மணி நேரம். வினைலில் ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. இவ்வளவு நல்ல பாட்டுகள் இவ்வளவு கூளத்துக்குள் புதைந்த வேறு ராக் வெளியீடு எனக்குத் தெரியாது. முதல் சுற்றில் கழிப்பது சுலபம்: ‘டோன்ட் க்ரை’ ஒரே மெட்டில் இரண்டு தடவை வருகிறது, ஒன்று போதும். கடைசியில் வரும் ‘மை வேர்ல்ட்’ வேண்டாம். மற்றவர்களின் பாட்டுகளான ‘லிவ் அண்ட் லெட் டை’, ‘நாக்கின் ஆன் ஹெவன்ஸ் டோர்’ இரண்டும் போகட்டும். குழுவின் கிட்டாரிஸ்ட் இஸி ஸ்ட்ராட்லின் பாடுபவற்றில் ‘டஸ்ட் அண்ட் போன்ஸ்’ மட்டும் இருக்கட்டும்.

கஷ்டம் நீளப் பாட்டுகளில். ‘நவம்பர் ரெய்ன்’, ‘எஸ்ட்ரேஞ்ச்ட்’, ‘கோமா’ மூன்றும் சேர்ந்தாலே 28 நிமிடத்தைத் தாண்டும். ‘நவம்பர் ரெய்ன்’, ‘எஸ்ட்ரேஞ்ச்ட்’ இரண்டும் ஒரே வேலை: பியானோ, காதல் துயரம், ஸ்லாஷின் நீண்ட கிட்டார். ஒன்றுதான் நிற்கலாம். என் பட்டியல் இப்படி: முதல் பக்கம் ‘யூ குட் பி மைன்’, ‘டஸ்ட் அண்ட் போன்ஸ்’, ‘பெர்ஃபெக்ட் க்ரைம்’, ‘நவம்பர் ரெய்ன்’. இரண்டாம் பக்கம் ‘சிவில் வார்’, ‘டோன்ட் க்ரை’, ‘கோமா’. ஏழே பாட்டு, 45 நிமிடத்துக்குள். இதை அவர்களுடைய முதல் ஆல்பத்துக்குப் பக்கத்தில் தயங்காமல் வைப்பேன்.

கதை சொல்ற ஆல்பத்தையும் வெட்டலாமா? த வால், த ஹூவோட டாமி மாதிரி?

என் பதில், வேண்டாம். பிங்க் ஃப்ளாய்டின் ‘த வால்’ 1979-ல் வந்தது, 26 பகுதிகள். அதில் பாதி துண்டுகள் தனியாகக் கேட்டால் நிற்காது, அடுத்ததற்கு வாசல் திறந்துவிடத்தான் இருக்கின்றன. கடைசி நொடியில் ஒரு குரல் பாதி வாக்கியத்தைச் சொல்லி அறுந்துபோகும். மீதி வாக்கியம் முதல் பாட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. இப்படி வாலும் தலையும் கோத்திருப்பதை எங்கே வெட்டுவது?

அவர்களே கடைசி நேரத்தில் ஒன்றை வெட்டினார்கள். ‘வாட் ஷேல் வீ டு நவ்?’ என்ற பாட்டு தட்டில் இடம் போதாமல் நீக்கப்பட்டது, ஆனால் அதற்குள் அட்டையில் வரிகள் அச்சாகிவிட்டன. அதற்கு மேல் எடுக்க நான் தயாராக இல்லை.

பிசிக்கல் கிராஃபிட்டியில பாதி பழைய பாட்டாமே, அதைத் தூக்கிட்டா ஒற்றை ஆயிடுமா?

ஆகாது, அதுதான் சிக்கல். லெட் செப்பெலின் இதற்காகப் புதிதாகப் பதிவுசெய்தது எட்டுப் பாட்டு. அது ஒரு தட்டில் அடங்காமல் வழிந்ததால், முந்தைய ஆல்பங்களில் சேராமல் கிடந்த ஏழு பாட்டை எடுத்து இரண்டு தட்டாக்கி 1975-ல் வெளியிட்டார்கள். பழைய ஏழையும் தூக்கினாலும் மிச்சம் கிட்டத்தட்ட 54 நிமிடம்.

நான் ‘கஸ்டர்ட் பை’, ‘சிக் அகெய்ன்’ இரண்டையும் எடுத்துவிட்டேன். முதல் பக்கம் ‘த வான்டன் சாங்’, ‘இன் மை டைம் ஆஃப் டையிங்’, ‘டென் இயர்ஸ் கான்’. இரண்டாம் பக்கம் ‘ட்ராம்பிள்ட் அண்டர் ஃபுட்’, ‘இன் த லைட்’, ‘காஷ்மீர்’. நிமிடக் கணக்கு இவ்வளவு பொருத்தமாக விழுவது அபூர்வம். ஆனால் கேட்டுப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. ஆறும் கனமான பாட்டுகள், இடையில் காற்றே இல்லை. ஆகவே பழையதிலிருந்து இரண்டு நிமிட அக்கூஸ்டிக் துண்டான ‘பிரான்-யர்-அவுர்’ ஒன்றை மட்டும் ‘டென் இயர்ஸ் கான்’ பாட்டுக்கு முன்னால் திரும்பச் சேர்த்தேன். மேலே சொன்ன 22 நிமிட எல்லையை இந்த ஒரு இடத்தில் மீறுகிறேன். மீறியது சரிதான் என்று கேட்டால் தெரியும்.

பாட்டும் பாட்டும் ஒட்டி வருதே, நடுவுல வெட்டினா அசிங்கமா இருக்காதா?

இருக்கும். ஒட்டி வரும் ஜோடிகளை ஒரே பாட்டாக எண்ணுங்கள். இரண்டும் உள்ளே, அல்லது இரண்டும் வெளியே. பிரித்தே ஆக வேண்டுமென்றால், வெட்டுகிற இடத்துக்குப் பிறகு சத்தமாகத் தொடங்கும் பாட்டை வையுங்கள், காது வெட்டைக் கவனிக்காது. கேட்கும் செயலியில் பாட்டுகளை ஒன்றோடொன்று கலக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கலந்து, இடைவெளிகளைக் கெடுத்துவிடும்.

ஒயிட் ஆல்பத்தில் நேரத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழி, ஒலி முழுவதையும் ஒரே தடத்தில் கலந்த மோனோ பதிப்பு. அதில் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ முதல் தடவை மங்கியதோடு முடிந்துவிடும். ஸ்டீரியோவில் பாட்டு திரும்பி வந்து, விரலில் கொப்புளம் என்று ரிங்கோ கத்துவது வரை ஓடும். மோனோவை எடுத்தால் முக்கால் நிமிடம் மிச்சமாகும். எனக்கு அந்தக் கத்தல் வேண்டும், அதனால் ஸ்டீரியோவையே வைத்திருக்கிறேன்.

எதை எடுத்தாலும் நஷ்டம்னு விட்டுட்ட ஆல்பம் இருக்கா?

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்சைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’, 1972. 18 பாட்டு, 67 நிமிடம். ‘ராக்ஸ் ஆஃப்’, ‘டம்ப்ளிங் டைஸ்’, ‘ஸ்வீட் வர்ஜீனியா’, ‘ஹேப்பி’, ‘ஷைன் எ லைட்’ என்று நல்ல பாட்டுகளைப் பொறுக்கி எடுப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. எடுத்துப் பார்த்தால் கிடைப்பது இன்னொரு நல்ல ஸ்டோன்ஸ் தட்டு. அதற்கு முந்தைய வருடத்து ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ இருக்கும்போது அது எதற்கு?

பிரெஞ்சுக் கடலோரத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்த மாளிகையின் நிலவறையில் பெரும்பகுதி பதிவானது. அந்தப் புழுக்கம் நான்கு பக்கமும் படிந்திருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ‘வென்டிலேட்டர் புளூஸ்’ முடிந்ததும் ‘ஐ ஜஸ்ட் வான்ட் டு சீ ஹிஸ் ஃபேஸ்’ வரும். வார்த்தை தெளிவில்லாமல், அடுத்த அறையில் யாரோ பாடுவது போல மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தனியாகப் போட்டால் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் கேட்டால் ஆல்பத்தின் உயிரே அதில் இருக்கிறது. ‘லண்டன் காலிங்’கையும் நான் தொடுவதில்லை. 19 பாட்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன.

என் லிஸ்ட்டும் உங்க லிஸ்ட்டும் ஒத்துப்போகலையே?

போகாது. ஆனால் எந்தப் பாட்டுக்காக எதை விட்டீர்கள் என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் உங்கள் பட்டியல் சரியான பட்டியல்.

கலைஞர்களே ஒற்றையா செஞ்சு, அப்புறம் இரட்டையாக்கின ஆல்பம் ஏதாவது கேட்கக் கிடைக்குமா?

கிடைக்கும், அவசியம் கேளுங்கள். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1979-ல் பத்துப் பாட்டுள்ள ஒற்றை ஆல்பத்தை முடித்துக் கம்பெனியிடம் கொடுத்தார். இது போதாது என்று திருப்பி வாங்கி, மேலும் பதிவுசெய்து, 1980-ல் 20 பாட்டோடு ‘த ரிவர்’ இரட்டை ஆல்பமாக வெளியிட்டார். அந்த ஒற்றை ஆல்பம் 2015-ல் ‘த டைஸ் தட் பைண்ட்’ பெட்டித் தொகுப்பில் வெளிவந்தது. பத்தில் ஏழு பாட்டு ‘த ரிவர்’ ஆல்பத்துக்குப் போயின. ‘சிண்டி’, ‘பி ட்ரூ’, ‘லூஸ் எண்ட்ஸ்’ மூன்றும் போகவில்லை.

இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் ஒற்றை இறுக்கமாக இருக்கிறது. ‘ஹங்கிரி ஹார்ட்’ உண்டு, ‘த ரிவர்’ பாட்டும் உண்டு, சோர்வே இல்லை. ஆனால் அப்பாவிடம் விடைபெறும் ‘இண்டிபெண்டன்ஸ் டே’ அதில் இல்லை, ‘பாயிண்ட் பிளாங்க்’ இல்லை, சாலை விபத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பித் தூக்கம் வராமல் கிடக்கிறவனின் ‘ரெக் ஆன் த ஹைவே’ இல்லை. நான் சுருக்கும்போது ‘க்ரஷ் ஆன் யூ’, ‘ஐ ஆம் எ ராக்கர்’, ‘காடிலாக் ரேஞ்ச்’ போன்ற கும்மாளப் பாட்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த மூன்றுக்கும் இடம் பண்ணுகிறேன். அதில் எது நிற்க வேண்டும் என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இப்போதைக்கு ‘காடிலாக் ரேஞ்ச்’.